கிளறும் கை

மாறுதலை வரவேற்க வேண்டும் என்று எழுதுவதைப் போலச் சுலபமான காரியம் வேறொன்றும் இல்லை. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு டம்ளர் காப்பியும் இருந்துவிட்டால் போதும். யாருக்கு வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும்படி உபதேசம் செய்யலாம். நானும் இந்தப் பக்கத்தில் பல தடவை செய்திருக்கிறேன். "பழசையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், சகோதரிகளே!" என்று எழுதிவிட்டு, அன்று மாலையே என் பழைய குடையைத் தொலைத்துவிட்டு அழுதவள் நான். அது வேறு கதை.

அந்த உபதேசத்தை நம் கையிலேயே கொடுத்து, "இதை இன்னாரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வா" என்று யாராவது அனுப்பிவைத்தால் எப்படி இருக்கும்? சென்ற மாதம் எனக்கு அந்த அநுபவம் கிடைத்தது.

அனுப்பியவன் என் பெரியம்மாவின் பிள்ளை. அவனுக்குப் பெங்களூரில் உத்தியோகம். பெரியம்மா ராஜபாளையத்தில் தனியாக இருக்கிறாள். பெரியப்பா காலமாகி நாலு வருஷம் ஆகிறது.

"அக்கா! அம்மா உன் பக்கத்தை ஒரு வாரம் விடாமல் படிக்கிறாள். நான் சொன்னால் காதில் போட்டுக்கொள்வதில்லை. நீ போய்ச் சொல். அந்த வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்து இருக்கட்டும். வாங்குவதற்கு ஆளும் தயார். மாறுதல் என்றாலே அம்மாவுக்குப் பயம். அதுதான் விஷயம்" என்று டெலிபோனில் சொன்னான்.

பிள்ளை சொல்வதில் தப்பு என்ன? 64 வயது அம்மாள் தன்னந்தனியாக ஒரு பெரிய வீட்டில் இருப்பதாவது! எனக்கும் அது சரியாகவே பட்டது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

பொழுது விடிந்து சிவகாசி தாண்டியதும் மேற்கே மலைத்தொடர் நீல நிறத்தில் கூடவே ஓடி வரத் தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி நின்றபோது, கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். "தாயே! பெரியம்மா கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்!" என்பதுதான் பிரார்த்தனை. அங்கிருந்து ராஜபாளையம் சுமார் 12 கிலோமீட்டர்தான். வெகு சீக்கிரம் வந்துவிட்டது.

வாசலில் முதலில் என்னை வரவேற்றது அடுத்த வீட்டு நாய். பால் போன்ற வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு - அசல் ராஜபாளையம் ஜாதி. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் ஜாதிகள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அவற்றில் ஒன்று இந்த ஜாதிக்குக் கிடைத்தது. அந்தக் கௌரவம் தனக்குத் தெரியும் என்பது போல அது என்னை மேலும் கீழும் பார்த்தது.

பெரியம்மா கதவைத் திறந்தாள்.

"வாடி. அவன் அனுப்பினானா, நீயாக வந்தாயா?"

அவ்வளவுதான். இரவெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் சரிந்து விழுந்துவிட்டது.

சாப்பாடு ஆகிற வரைக்கும் பெரியம்மா வேறு பேச்சே எடுக்கவில்லை. இலையை எடுத்த பிறகு தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு, "சரி, ஆரம்பி" என்றாள்.

நான் ஆரம்பித்தேன். காலம் மாறுகிறது, நாமும் மாற வேண்டும், பேரக் குழந்தைகள், ஆஸ்பத்திரி வசதி... எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "உனக்கு இப்போது என்ன வயசு?" என்றாள்.

"முப்பத்தெட்டு."

"நான் இந்த வீட்டுக்குள் வரும்போது எனக்குப் பத்தொன்பது. விறகு அடுப்பில் பன்னிரண்டு பேருக்குச் சமைத்தேன். தெருவெல்லாம் தெலுங்கு, எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆறு மாசத்தில் தெலுங்கிலேயே சண்டை போடக் கற்றுக்கொண்டேன். உன் பெரியப்பா மில்லில் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்த வருஷம் தையல் கற்றுக்கொண்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு பாங்கிக்குப் போய்ச் செக்கில் கையெழுத்துப் போட்டேன். போன வருஷம் பேத்தி முகத்தைப் பார்க்கிறதற்காக இந்தச் செல்போனைக் கற்றுக்கொண்டேன். மாற மாட்டேன் என்று நான் எப்போதடி சொன்னேன்? என்னைத் தூக்கி வேறு இடத்தில் வைக்காதீர்கள் என்றுதானே சொல்கிறேன்!"

எனக்குப் பதில் வரவில்லை. மாறுதலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். மாறி மாறி வாழ்ந்தவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனால் சிறிது நேரம் கழித்துப் பெரியம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "தை மாசம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. பால்காரர் வந்து குரல் கொடுக்கிற வரைக்கும், ஒரு மணி நேரம் இருக்கும், அப்படியே கிடந்தேன். அவனிடம் சொல்லிவிடாதே."

சகோதரிகளே! அந்த நிமிஷத்தில் என் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் கட்சியும் நியாயமாகப் பட்டது. அம்மாவின் கட்சியும் நியாயமாகப் பட்டது. இருப்பது போலவே இருந்துவிட முடியாது என்பதும் தெரிந்தது.

மாலையில் இருவரும் கடைத்தெருப் பக்கம் நடந்தோம். காந்தி கலை மன்றத்தைக் கடக்கும்போது பெரியம்மா, "இது யார் வீடு, தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும். பூ. ச. குமாரசாமி ராஜாவின் வீடு. ஆனால் அந்தக் கதையை நான் அன்றைக்குத்தான் நிதானமாக நினைத்துப் பார்த்தேன்.

குமாரசாமி ராஜா 1898-ல் ராஜபாளையத்தில் பிறந்தவர். சிறு பிராயத்திலேயே பெற்றோரை இழந்தவர். காந்தியடிகளின் வழியில் பொது வாழ்வுக்கு வந்து, 1949-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அப்போதெல்லாம் அந்தப் பதவிக்குப் பிரதமர் என்றுதான் பெயர். 1950 ஜனவரி 26-ல் நாடு குடியரசானபோது அதே நாற்காலி முதலமைச்சர் நாற்காலியாயிற்று. ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்திருந்த பெரிய ராஜ்யம் அது.

பிறகு 1952 தேர்தல் வந்தது. வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்ற முதல் பொதுத் தேர்தல். நம் பாட்டிமார்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் முதல் தடவையாக ஓட்டுச் சாவடிக்குப் போனது அப்போதுதான். முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் நின்றார். சொந்த மண். எதிரே தெரிகிற மலைகூடத் தெரிந்த மலை. அங்கேயே தோற்றுப் போனார்!

நம் வீட்டில் நாலு பேர் முன்னால் சாம்பார் சரியில்லை என்று சொல்லிவிட்டாலே நமக்கு எப்படி இருக்கிறது? ஒரு ராஜ்யத்தையே ஆண்டவரைப் பார்த்து, கூடப் பிறந்து வளர்ந்த ஊரே "வேண்டாம்" என்று சொன்னால்? அப்போது அவருக்கு வயது 53. திண்ணையில் உட்கார்ந்து, நன்றி கெட்ட உலகத்தைத் திட்டிக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டியிருக்கலாம். அப்படி ஓட்டியவர்களும் உண்டு.

அவர் அப்படிச் செய்யவில்லை. 1954-ல் ஒரிஸ்ஸாவுக்குக் கவர்னராகப் போனார். பாஷை வேறு, சாப்பாடு வேறு, மனிதர்கள் வேறு. உத்தரவு போட்டுப் பழகிய முதலமைச்சர் வேலை வேறு. மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டிய கவர்னர் வேலை வேறு. அதையும் ஏற்று 1956 வரையில் இருந்தார். ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டை ஊருக்கே கொடுத்துவிட்டார். அதுதான் காந்தி கலை மன்றம். 1957 மார்ச்சில் அவர் காலமானார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் தோற்றது பிறர் செய்த மாறுதல். அதை அவர் கேட்டு வாங்கவில்லை. ஆனால் வீட்டைக் கொடுத்தது அவரே செய்த மாறுதல். முதலாவது அவரிடமிருந்து பதவியை எடுத்துக்கொண்டது. இரண்டாவதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அவராகக் கொடுத்தார்.

அவர் ஒருவர்தான் என்று நினைக்க வேண்டாம். அதே 1952-ல் தோற்ற இன்னொரு மந்திரி பக்தவத்சலம். அவர் 1963-ல் முதலமைச்சரானார். பக்கத்து விருதுநகரில் பிறந்த காமராஜர் 1967-ல் அந்த விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். இரண்டு வருஷத்தில் நாகர்கோவில் போய் நின்று பார்லிமெண்டுக்குள் நுழைந்தார். இந்த வட்டாரத்து மண்ணுக்குத் தோற்கடிக்கவும் தெரியும், தோற்றவர்களை எழுந்து நடக்கச் செய்யவும் தெரியும் போலிருக்கிறது.

இதையெல்லாம் நான் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். "அவர் வீட்டைக் கொடுத்தார், சரி. அதையே உதாரணம் காட்டி என் வீட்டையும் விற்கச் சொல்கிறாயா?" என்றாள். பெரியம்மாவிடம் பேசி ஜெயிக்க முடியாது!

மறுநாள் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பதினொரு நிலைக் கோபுரம் 192 அடி உயரம் என்கிறார்கள். நம் மாநில அரசின் முத்திரையில் இருக்கும் கோபுரம் இதுதான் என்பது அந்த ஊர்க்காரர்களின் பெருமை.

ஆண்டாள் சந்நிதியில் நிற்கும்போது எனக்கு வேறொன்று தோன்றியது. பெரியாழ்வார் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த பெண் குழந்தை. பெருமாளுக்கு என்று கட்டி வைத்த மாலையைத் தான் முதலில் சூடி அழகு பார்த்தாள். தகப்பனார் பதறினார். ஆனால் பெருமாள் அவள் சூடிக் களைந்த மாலையைத்தான் விரும்பினார் என்பது வரலாறு. ஊர் வழக்கம் சொன்னபடி ஒரு மனிதனுக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று சொல்லி, தான் தேர்ந்தெடுத்த வழியில் போனவள் அவள். பன்னிரண்டு ஆழ்வார்களில் ஒரே பெண். இன்றைக்கும் புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருப்பதிப் பெருமாள் சூடிக்கொள்வதற்கு இங்கிருந்து ஆண்டாளின் மாலை போகிறது. தன்னுடைய மனசு இன்னது என்று தெரிந்த ஒரு பெண்ணின் பேச்சுக்கு அவ்வளவு பலம்!

பெரியம்மாவின் தெலுங்குக்கும் இந்த ஊருக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ஆமுக்தமால்யதா என்ற காவியம் இந்த ஆண்டாளின் கதைதான். அதைத் தமிழாக்கித் தந்தவர் ராஜபாளையத்து மு. கு. ஜகந்நாத ராஜா. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ் என்று இருக்கும் ஊரில் பிறந்தவர். அத்தோடு நிற்காமல் வடமொழி, பிராகிருதம் என்று கற்றுக்கொண்டே போனவர். வந்த இடத்தின் பாஷையைக் கற்றுக்கொண்டார்கள். கொண்டுவந்த பாஷையையும் விடவில்லை. வளர்ச்சி என்றால் ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பிடிக்க வேண்டும் என்பதில்லை.

தரிசனம் முடிந்து, பால்கோவா வாங்காமல் திரும்பலாமா? 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டமாயிற்றே! கடைக்குப் பின்புறம் அடுப்படி. பெரியம்மா கடைக்காரரிடம் தெலுங்கும் தமிழும் கலந்து பேசி என்னை உள்ளே அழைத்துப் போய்விட்டாள். விறகு அடுப்பின் மேல் பெரிய இரும்புச் சட்டி. பாலும் சர்க்கரையும், வேறொன்றும் இல்லை. ஒருவர் நீளமான கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். வேர்வை சொட்டச் சொட்ட, கை நிற்கவே இல்லை.

"கொஞ்ச நேரம் நிறுத்தினால் என்ன ஆகும்?" என்று கேட்டேன், பட்டணத்துப் புத்திசாலித்தனத்தோடு.

"அடிப்பிடிச்சிரும்மா. தீயை வேணும்னா குறைச்சுக்கலாம். கையை நிறுத்த முடியாது" என்றார்.

"அவசரமாக ஆக வேண்டும் என்றால் தீயைக் கூட்டலாமே?"

"கூட்டினாலும் அடிப்பிடிக்கும். பாலுக்கு என்ன நேரம் வேணுமோ அதைக் கொடுக்கணும்."

அவர் பாட்டுக்குக் கிளறினார். பெரியம்மா சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் பாலாக இருந்தது, மத்தியானம் கோவாவாகத் திரள்கிறது. பாலின் சுவை மட்டும் போகவில்லை, இன்னும் கூடிவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது பெரியம்மா பேசவே இல்லை. ராஜபாளையத்தில் இறங்கியதும், "அந்தப் போனை எடு" என்றாள். "நான் பேசுகிறேன். நீ சும்மா இரு."

தாழ்வாரத்தில் உட்கார்ந்து பிள்ளையைக் கூப்பிட்டாள். செல்போனில் அவன் முகம் தெரிந்தது.

"இதோ பார். வீட்டை விற்க மாட்டேன். ஆனால் இப்படியே இருக்கவும் மாட்டேன். பின்கட்டைத் தடுத்து வாடகைக்கு விடப் போகிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒரு பெண், புருஷனும் குழந்தையுமாக வீடு தேடிக்கொண்டிருக்கிறாள். இராத்திரி கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஓர் ஆள் இருக்கும். முன் கூடத்தில் தையல் மெஷினை மறுபடி போடுகிறேன்; இரண்டு பெண்கள் கற்றுக்கொள்ள வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்க வேண்டும், அதற்கு நீ பணம் அனுப்பு. பேத்திக்குப் பள்ளிக்கூடம் லீவு விடுகிற இரண்டு மாசமும் பெங்களூரில் உங்களோடுதான் இருப்பேன். அதற்கு மேல் முடியாத காலம் வந்தால், நானே சொல்கிறேன்."

அந்தப் பக்கத்தில் சற்று நேரம் சப்தமே இல்லை. பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்: "குளியலறையில் கம்பி எதற்கம்மா?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவளே சொல்லிவிட்டாள் - தை மாசம், பால்காரர், ஒரு மணி நேரம், எல்லாவற்றையும்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டபோது அவன் குரல் உடைந்துபோயிருந்தது.

"சொன்னால் நீ உடனே வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாயே என்ற பயம்தான்" என்றாள் பெரியம்மா.

"சொல்லாவிட்டால் எனக்கு எப்படியம்மா தெரியும்?" என்றான் அவன்.

இரண்டு பேருமே அழுதார்கள். நான் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டேன். அங்கே எனக்கு வேலை இருந்தது என்பதற்காக அல்ல.

மாறுதலைப் பற்றி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். நம்மை மற்றவர்கள் மாற்றி வைப்பது ஒன்று. நாமாக மாறுவது இன்னொன்று. தேர்தலில் தோல்வி, வேலையில் இடமாற்றம், வீட்டில் ஒரு சாவு - முதல் வகை கேட்காமலே வந்துவிடும். அதற்குப் பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் நம்முடையது. காரியாலயத்தில் புதிய மெஷின் வந்துவிட்டதே, சின்னப் பெண்ணிடம் போய்க் கற்றுக்கொள்வதா என்று கூசுகிறீர்களா? பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்களே, இனி எனக்கு என்ன வேலை என்று உட்கார்ந்திருக்கிறீர்களா? முதலில் எதற்குப் பயப்படுகிறோம் என்பதை நெருங்கியவர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாத பயத்துக்குத்தான் பலம் ஜாஸ்தி. பிறகு ஒரே நாளில் எல்லாவற்றையும் புரட்டிப் போட வேண்டாம். தீயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

வீட்டில் யாரையாவது மாற்ற நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவர்கள் இதுவரையில் எத்தனை தடவை மாறியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். நான் கேட்காமல் போனேன், அசடு வழிந்தேன்.

புறப்படும்போது பெரியம்மா ஒரு பால்கோவாப் பொட்டலத்தை என் பையில் திணித்தாள். "இதையெல்லாம் பத்திரிகையில் எழுதிவிடாதே" என்றாள்.

"பெயர் போட மாட்டேன், பெரியம்மா."

"பெயர் போடாவிட்டால் என்ன? தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்" என்று சொல்லிவிட்டுச் சற்று யோசித்தாள். "சரி, எழுது. தையல் கற்றுக்கொள்ள இன்னும் நாலு பேர் வந்தாலும் வரட்டும்."

அடுத்த வீட்டு நாய் இந்தத் தடவை என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. அதுகூட மாறிவிட்டது!